இருபத்தாறாம் நம்பர் சட்டை

“என் நம்பர் எங்கங்க?”

ஜெயந்தினி கேட்ட கேள்வியில் அந்த இளைஞன் இரண்டு அடி பின்னால் போனான். போன இடத்தில் ஒரு குட்டை... ஒரு காலின் சப்பாத்து முழுசாக உள்ளே போய்விட்டது.

பாவம், ஏற்கனவே தலையிலிருந்து கால்வரை நனைந்துதான் நின்றான். ஹட்டன் கடைவீதியிலிருந்து அவன் வந்த ஆட்டோ பாதி ஏற்றத்திலேயே நின்றுபோக, மீதி ஏற்றத்தை மழையில் ஓடியே கடந்திருந்தான். நெஞ்சோடு அணைத்து வந்த பொலித்தீன் பார்சலில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதற்காகவாவது ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் ஆட்டம் தொடங்கப் பத்தே நிமிடம் இருந்தது... அவள் கையில் இருந்ததோ யாருடைய சட்டையோ!

“இருபத்தேழுதாங்க உங்க நம்பர்...” என்றான் அவன், மெதுவாக.

“நான் குடுத்தது இருபத்தாறு.”

“ஒண்ணுதானேங்க கூட...”

“ஒண்ணு கூடன்னா? நான் என்ன கத்தரிக்காயா வாங்குறேன், கொசுறு போட்டுக் குடுக்க?”

பின்னால் நின்ற பிரியந்தி ‘களுக்’கென்று சிரித்தாள். லிந்துலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பெண்கள் கூடைப்பந்து அணி அது. அணி என்றால் பெரிய படையெல்லாம் இல்லை. மொத்தம் ஏழு பேர். அதில் ஐந்து பேர் இந்த வருடம்தான் கல்லூரிக்கே வந்தவர்கள். இரண்டாம் வருடத்து ஜெயந்தினிதான் தலைவி. பருவம் தொடங்குமுன் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடிப் பார்க்கலாமென்று கண்டி அணியை ஹட்டனுக்கு அழைத்திருந்தார்கள். புதுப் பச்சைச் சட்டைகளும் அன்றைக்குத்தான் வருவதாக ஏற்பாடு.

“கோவப்படாம ரெண்டையும் ஆறையும் கூட்டிப் பாருங்க,” என்றான் அவன்.

“எட்டு.”

“அதான்.”

“எது அதான்?”

“எங்க கடையில எட்டு வராதுங்க. அது சனியோட நம்பராம்... அப்பா அடிக்கவே விடமாட்டாரு. சீசன் தொடங்குற நேரம், பிள்ளைங்க நல்லா இருக்கட்டுமேன்னு ஒண்ணைக் கூட்டி ஒன்பது வர்ற மாதிரி செஞ்சிட்டோம். ஒன்பது நல்ல ராசிங்க!”

அவன் அதை எவ்வளவு நல்ல மனசோடு சொன்னான் தெரியுமா? கண் இமைகளில் மழைத்துளி நிற்க, ஏதோ பிறந்தநாள் பரிசு கொடுத்தவன் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்களைப் பார்த்துத் திட்டுவது கஷ்டமாகத்தான் இருந்தது... ஜெயந்தினி அதனால் அவனுடைய ஈரச் சப்பாத்தைப் பார்த்துத் திட்டினாள்.

“ராசி பாக்குறதுன்னா உங்க கடைக்குப் பாத்துக்கங்க. என் முதுகுல ஏன் பாக்குறீங்க?”

நடுவர் சிங்களவர். நல்ல மனிதர். “கமக் நே, நங்கி” என்று சிரித்தபடியே பெயர்ப்பட்டியலில் இருபத்தாறை அடித்து இருபத்தேழு என்று எழுதினார். பயிற்சி ஆட்டம்தானே, பரவாயில்லையாம். அவருக்குப் பரவாயில்லை... இவளுக்கு?

மைதானத்துக்கு அந்தப்பக்கப் புல்மேட்டில், மண்ணிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். மீனம்மா, மகள் விளையாடி இதுவரை பார்த்ததே இல்லை. சனிக்கிழமை மத்தியானத்தோடு கொழுந்து பறிப்பதை நிறுத்தி, அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போனால் போகட்டுமென்று பஸ் ஏறி வந்திருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாது. ஆனால் தோட்டத்தில் தனக்குக் கொடுத்த நம்பரை எங்கே பார்த்தாலும் தெரியும். “எங்க ஓடினாலும் என் முதுகுல உங்க நம்பர் இருக்கும்மா, அதப் பாத்தா நான்தான்” என்று நேற்று ராத்திரி இவள் சொல்லி வைத்திருந்தாள்.

விசில் ஊதியது. நடுவில் பனிமூட்டம் வேறு வந்து இறங்கியது. எதிர்ப்பக்கக் கூடையே பாதி நேரம் தெரியவில்லை. ஆனாலும் பிள்ளைகள் ஆடினார்கள்! பிரியந்தி இரண்டு தரம் வழுக்கி விழுந்தும் பந்தை விடவில்லை. ஜெயந்தினி தனியாகப் பதினான்கு புள்ளி போட்டாள். கடைசியில் முப்பத்தாறுக்கு நாற்பத்தொன்று... ஐந்து புள்ளியில் தோல்வி.

பயிற்சியாளர் கஜேந்திரன் சேர் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தார்.

“ஏன் மூஞ்ச தூக்கி வச்சிருக்கீங்க? போன வருசம் இதே டீமோட முப்பது பொயிண்ட்ல தோத்தோம். இன்னைக்கு அஞ்சு. அதுவும் ஜனவரியிலதான் பந்தத் தொட்ட பிள்ளைங்கள வச்சுக்கிட்டு! மூணு வாரத்துல நுவரெலியாவுல மாகாணப் போட்டி. மொத ரவுண்ட தாண்டலன்னா அடுத்த வருசம் பொண்ணுங்க டீம் கெடையாதுன்னு மேல சொல்லிட்டாங்க. நீங்க தாண்டுவீங்க. உயரம் இல்ல, சரி... ஓட்டம் இருக்கு. ஜெயந்தினி கை இருக்கு. வேற என்ன வேணும்?”

ஜெயந்தினிக்கு அதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. சேர் விட்டதும் ஓடினாள். அந்தப்பக்கப் புல்மேட்டுக்கு.

“பாத்தீங்களாம்மா? பதினாலு பொயிண்ட்!”

மீனம்மா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எந்தப் பக்கம் கண்ணு நின்ன? எல்லாம் பச்சச் சட்டையா ஓடுச்சுங்க... எல்லாரும் ஒரே மாதிரி முடியத் தூக்கிக் கட்டியிருக்கீங்க. மூஞ்சி ஒண்ணும் தெரியல. நம்ம நம்பரத் தேடித் தேடி கண்ணு பூத்துப்போச்சு. சேர் ஒன்னைய ஆட விடலயாக்கும்னு நெனச்சேன்...”

ஒவ்வொரு கூடைக்கும் அம்மா கைதட்டியிருப்பாள் என்று ஜெயந்தினி நினைத்தாளே... ஒரு தரம் கூட இல்லை. யாருக்குத் தட்டுவது என்றே தெரியாமல் அந்தப் பனியில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அப்போதுதான் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. அவன்தான். பார்சல் கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கத் துண்டுச் சீட்டும் பேனாவுமாக வந்தவன், அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அப்படியே நின்றான். முகம் வெளிறிப் போயிருந்தது. கண்கள்... ஐயோ, அந்தக் கண்கள் கலங்கியிருந்தன.

“நான் வேற... வேற சட்டை கொண்டாந்து...”

“ஒண்ணும் வேணாம்,” என்றாள் ஜெயந்தினி. “எங்க ராசி உங்க கடைக்கு ஒத்துவராது.”

கையெழுத்தைப் போட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சீட்டில் அவன் பெயர் இருந்தது. பிரதீபன். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். லிந்துலை போய்ச் சேரும்வரை அந்தப் பெயர் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது!

மாகாணப் போட்டிக்குப் பெயரும் நம்பரும் எழுதிய படிவம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச்சேர வேண்டும். படிவத்தில் என்ன நம்பரோ அதுவேதான் சட்டையிலும் இருக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஜெயந்தினி வேறு இரண்டு கடையில் விசாரித்தாள். ஒரு கடையில் இருந்தது கிளிப்பச்சை. இன்னொன்றில் பாசிப்பச்சை. அணியின் பச்சைத் துணி சண்முகராஜா புடவைக் கடையில் மட்டும்தான் இருந்தது. வேண்டாமென்று சொன்ன வாயோடு புதன்கிழமை அங்கேயே போக வேண்டியதாயிற்று.

அந்தக் கடைக்கு எட்டுப் படி. அதாவது, கட்டும்போது எட்டு. கட்டி முடித்தபிறகு எண்ணிப் பார்த்த சண்முகராஜா முதலாளி பதறிப்போய், ஒன்பதாவதாக ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டுவிட்டார். அந்தக் கல் அரையடி துருத்திக்கொண்டு நிற்கும். ஹட்டனில் அதில் தடுக்காத ஆளே கிடையாது. ஜெயந்தினியும் தடுக்கித்தான் உள்ளே போனாள்.

“பாத்து, பாத்து பாப்பா... உக்காரு. டீ குடிக்கிறியா?” என்றார் முதலாளி. நெற்றி நிறைய விபூதி, பஞ்சு மாதிரிக் குரல். சண்டை போட வந்தவளுக்கு எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. துணி அலமாரிக்குப் பக்கத்தில் பிரதீபன் நின்றான். அவளைக் கண்டதும் கையிலிருந்த துவாயைக் கீழே போட்டுவிட்டான்.

“மொதலாளி, எனக்கு இருபத்தாறுதான் வேணும்.”

“அந்த நம்பரச் சொல்லாத பாப்பா, வெளக்கு வச்ச நேரம்...”

“எங்கம்மாவோட தோட்டத்து நம்பருங்க அது. இருபத்திரெண்டு வருசமா அதுதான் அவங்க பேரு. காலையில பெரட்டுல வேலை பிரிக்கிறப்போ ‘இருபத்தாறு’ன்னு கூப்பிட்டாத்தான் மலைக்குப் போவாங்க. சாயங்காலம் கொழுந்து நிறுக்குறப்போ ‘இருபத்தாறு, ரெண்டு கிலோ கொறைவு’ன்னு சத்தம் போடுவாங்க. மீனம்மான்னு ஒரு பேரு இருக்குறதே அங்க பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த நம்பரச் சொல்லி ஏசித்தான் நான் கேட்டிருக்கேன் மொதலாளி. ஒரே ஒரு நாள்... அதே நம்பருக்கு நாலு பேரு கைதட்டணும். அத எங்கம்மா காதால கேக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“புரியுது பாப்பா. எனக்கும் மனசு கேக்கல. ஆனா என் கையால அந்த நம்பர அடிச்சுக் குடுத்து, நாளைக்கு ஒனக்குக் காலு கையில ஏதாவது பட்டுச்சுன்னா... அந்தப் பாவத்த நான் எங்க கொண்டு போயி கழுவுவேன்? வேற என்ன வேணும்னாலும் கேளு. காசே வேணாம்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் கோபமாக வந்தது. ஜெயந்தினி பிரதீபனைத் திரும்பிப் பார்த்தாள். ‘நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்’ என்று அவள் கண் கேட்டது அவனுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? அவனோ ஒரே துவாயை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். வாய் மட்டும் திறக்கவில்லை. அவள் விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள். இறங்கும்போதும் அந்தக் கல் தடுக்கியது.

பஸ் நிலையத்தில் கூரை ஒழுகியது. பின்னால் தொப்தொப்பென்று ஓடிவரும் சத்தம்... தலைக்குமேல் ஒரு கறுப்புக் குடை வந்தது.

“நனையாதீங்க...”

“நனைஞ்சா என்ன, கரைஞ்சா போயிருவேன்?”

“எம் மேல கோவமாங்க?”

“இல்லீங்க. உங்க கடைப் படி மேல.”

“அந்தக் கல்லா? என் காலு வெரலும் வாரத்துக்கு ஒரு தரம் போயிரும்...”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உதட்டைக் கடித்து விழுங்கினாள். குடைக்குள் அவன் தோள் அவள் தோளில் படாமலிருக்க அவன் படும்பாட்டைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு. அவனுடைய பாதி உடம்பு வெளியே நனைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நல்லவன்... ஆனால் நல்லவனாக மட்டும் இருந்து என்ன பிரயோசனம்?

“ஒண்ணு கேக்கவா?” என்றாள். “அன்னைக்கு எங்கம்மா சொன்னதக் கேட்டு உங்க கண்ணு கலங்குச்சு. நான் பாத்தேன். இன்னைக்கு உங்கப்பா முன்னால ஏன் வாயத் தொறக்கல?”

“அப்பா முன்னால எனக்கு வார்த்தை வராதுங்க. சின்னதுல இருந்தே... அவரு ஏசமாட்டாரு, அடிக்கமாட்டாரு. பயந்துருவாரு. அவரு பயப்படுறதப் பாக்க எனக்கு ஏலாது.”

“சரி. அப்ப எனக்குக் குடையும் புடிக்க வேணாம்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடுமை என்று அவளுக்கே பட்டது. ஆனால் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றபடியே கத்தினான்:

“போட்டி என்னைக்குங்க?”

“பதினேழாந்தேதி!”

அவன் முகம் ஒரு மாதிரியாக மாறிப்போனது. ‘ஒண்ணும் ஏழும் எட்டு... இதுக்கும் பயந்துட்டான்’ என்று நினைத்துக்கொண்டாள். “நீங்க வரமாட்டீங்க, தெரியும்!” என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரியே படிவத்தைப் பூர்த்தி செய்தாள். தன் பெயருக்கு நேரே பேனாவை அழுத்தி ‘26’ என்று எழுதினாள். கஜேந்திரன் சேர் அதன் பிரதியைப் பார்த்தது, படிவம் தபாலில் போன பிறகுதான். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன பிள்ள பண்ணி வச்சிருக்க! சட்டையில இருபத்தேழு இருக்கு. ஒன்னைய உள்ளயே விடமாட்டாங்களே. நீ இல்லாம இந்தச் சின்னதுங்க மொத ரவுண்ட தாண்டுமா?”

“சட்டை வரும் சேர்,” என்றாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

நாட்கள் ஓடின. சட்டையும் வரவில்லை, செய்தியும் இல்லை. ‘குடை புடிக்க வேணாம்’ என்று ஏன் சொன்னோம் என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் தன்னையே திட்டிக்கொண்டாள். நம்பரை நினைத்தால் அவன் ஞாபகம். மழை பெய்தால் அவன் ஞாபகம். ஆடி மாதத்து லிந்துலையில் மழை பெய்யாமல் வேறு என்ன செய்யும்?

“நம்பரு கெடக்குது விடு கண்ணு,” என்றாள் மீனம்மா, கொழுந்துக் கறை ஏறிய விரலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே. “ஒன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

“அன்னைக்குத் தெரியலயேம்மா.”

“அன்னைக்கு மூடுபனி.”

“நுவரெலியாவுல மட்டும் வெயிலு கொளுத்தப்போவுதாக்கும்!”

பதினேழாம் தேதி நுவரெலியாவில் வெயில் கொளுத்தவில்லை. ஊசி மழை, அதற்குமேல் பனி. எதிரணி வந்து இறங்கியது... எல்லோரும் நெட்டை நெட்டையாக. மேசையிலிருந்த அதிகாரி படிவத்தையும் ஜெயந்தினியின் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இருபத்தாறு என்றால் இருபத்தாறுதான். சட்டை இல்லையென்றால் ஓரத்து வாங்கில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பிரியந்தி அழவே தொடங்கிவிட்டாள். “அக்கா, நீங்க இல்லாம நான் யாருக்குப் பந்து போடுறது?”

அந்தப்பக்கம் மண்ணிறச் சால்வை தெரிந்தது. அம்மா ஒரு பேர் முழுசாக விட்டுவிட்டு வந்திருந்தாள். என் வீம்புக்கு எல்லோரையும் பலி கொடுத்துவிட்டேனே... ஜெயந்தினிக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

“இந்தாங்க... உங்க... நம்பர்!”

மூச்சிரைக்க ஒரு குரல். திரும்பினாள்.

அதே பொலித்தீன் பார்சல். அதே மாதிரி நெஞ்சோடு அணைத்து, அதே மாதிரித் தலையிலிருந்து கால்வரை நனைந்து... அதே கண்கள்.

அவசரமாகப் பிரித்தாள். அணியின் அதே பச்சை. முதுகில் வெள்ளைத் துணியில் 26. அச்சடித்தது இல்லை, கையால் தைத்தது. இரண்டு ஓரளவுக்கு நேராக நின்றது. ஆறுதான் வயிறு ஊதி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவன் விரல்களைப் பார்த்தாள். மூன்றில் பிளாஸ்டர்.

“கடையில எட்டு அடிக்கமாட்டேன்னு அப்பா சொன்னாரு. அதுல மாத்தமே இல்ல,” என்றான். “அதான் வீட்டுல தைச்சேன். அம்மா ஊசி கோத்துத் தந்தாங்க.”

“அப்பாவுக்குத் தெரியாமலா?”

“தெரிஞ்சுதான். மொத தடவையா அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு, ‘பயம் உங்களுதுப்பா, அந்தப் புள்ளைக்கு எதுக்கு அதக் குடுக்கணும்’னு கேட்டேன். கேட்டுட்டு வந்துதான் ஆறைத் தைக்க உக்காந்தேன்... கை நடுங்குச்சு. அதான் கோணிருச்சு.”

அதற்குமேல் பேச நேரமில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பாள். சட்டையைப் பறித்துக்கொண்டு ஓடினாள். அவள் உள்ளே இறங்கியதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் எதிரணியே திரும்பிப் பார்த்தது.

பனி அன்றைக்கும் வந்தது. முகங்கள் மறைந்தன. ஆனால் ஜெயந்தினி முதல் பந்தைக் கூடைக்குள் போட்ட மறுநொடி, அந்த வெள்ளை மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது பாருங்கள்...

“இருபத்தாறே! ஏய் இருபத்தாறே! எம் புள்ள!”

மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை கூப்பிட்டுப் பழகிய குரல் அது. சிரித்துக்கொண்டே ஓடினாள் ஜெயந்தினி. கன்னத்தில் வழிந்தது மழையா வேறா என்று அவள் பார்க்கவில்லை.

மூன்றாவது கால்பகுதியில் ஒரு நெட்டைப் பெண் மோதியதில் கீழே விழுந்தாள். முழங்கால் தோல் வழண்டு போயிற்று. அப்போது அம்மாவுக்குப் பக்கத்தில் யாரோ குடையை எறிந்துவிட்டு எழுந்து நின்று, “ஐயோ, சொன்னேனே! சொன்னேனே!” என்று கதறுவது கேட்டது. விபூதி நெற்றி... சண்முகராஜா முதலாளி! பதினேழாம் தேதி என்றால் கடை வாசலைத் தாண்டாத மனுசன், கையில் ஒரு தைலப் போத்தலோடு நுவரெலியா வரை வந்திருக்கிறார். இவள் எழுந்து, காலை உதறி, அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஒன்றுமில்லை மொதலாளி, உயிரோடுதான் இருக்கிறேன்! அவர் அப்படியே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

கடைசி நிமிடத்தில் நாற்பத்துமூன்றுக்கு நாற்பத்துமூன்று. ஜெயந்தினியை யாரோ இடித்ததற்கு இரண்டு எறிதல் கிடைத்தது. முதலாவது வளையத்தில் பட்டு வெளியே துள்ளியது. மூச்சை இழுத்து விட்டாள். கோணல் ஆறு முதுகில் லேசாக உறுத்தியது. இரண்டாவதை எறிந்தாள்...

உள்ளே!

விசில் ஊதியபோது மழை வலுத்திருந்தது. ஏழு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். கஜேந்திரன் சேர் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குதித்தார். “அடுத்த ரவுண்ட் கண்டிக்காரங்க! அஞ்சு பொயிண்ட்தான வித்தியாசம்? வரச் சொல்லுங்க பாப்போம்!”

ஜெயந்தினி புல்மேட்டுக்கு ஓடினாள். மீனம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்தாள்.

“பூராம் பாத்தேன் கண்ணு. எங்க போனாலும் பாத்தேன். இந்த மொதலாளி ஐயா இருக்காங்களே, கடைசியில என்னையவிடச் சத்தமா அவங்கதான் இருபத்தாறு இருபத்தாறுன்னு கத்துனாங்க!”

முதலாளி வெட்கத்தோடு தைலத்தை நீட்டினார். “காலுக்குத் தேய் பாப்பா. நல்லா ஆடுன. நாப்பத்திநாலுல முடிச்ச... நாலும் நாலும்...” கூட்டிப் பார்த்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

பிரதீபன் மைதானத்து மூலையில் சைப்பிரஸ் மரத்தடியில் தனியாக நின்றான். கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை. அவள் நொண்டி நொண்டி அருகில் போனாள்.

“குடைய விரிங்க.”

“புடிக்க வேணாம்னீங்க...”

“இப்ப புடிக்கச் சொல்றேன்ல.”

விரித்தான். இந்தத் தடவை தோளை விலக்கிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

“உங்ககிட்ட ரெண்டு விசயம் சொல்லணும்,” என்றான். “அன்னைக்கு உங்க நம்பர மாத்தினது அப்பா இல்ல. அவரு பட்டியலப் பாத்துட்டுத் தலைய ஆட்டினாரு, அவ்வளவுதான். ஆறை ஏழாக்கினது என் கை. கொஞ்சங்கூட யோசிக்கல. பழகிப்போச்சு... ஏன்னா எனக்கும் அதேதான் நடந்துச்சு.”

“உங்களுக்கா?”

“இன்னைக்கு என் பொறந்தநாள்ங்க. பதினேழு. எட்டு வருதுல்ல? அதனால எங்க வீட்ல பதினெட்டுன்னு வச்சிட்டாங்க. நாளைக்குத்தான் பாயாசம், கோயிலு, புதுச்சட்டை எல்லாம். இன்னைக்குப் பொறந்தேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கே அது பெருசாத் தெரியல... உங்கம்மா அந்தப் புல்லுமேட்டுல உக்காந்து நம்பரத் தேடினேன்னு சொன்னாங்க பாருங்க, அப்பத்தான் வலிச்சுது.”

அவள் அவனைப் பார்த்தாள். பதினேழாம் தேதி என்று பஸ்ஸிலிருந்து சொன்னபோது அவன் முகம் மாறியது பயத்தால் இல்லை... இவள்தான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தாள்.

“ரெண்டாவது விசயம்?” என்றாள், மெல்ல.

“எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. கத்தரிக்காயா வாங்குறேன்னு கேட்டீங்களே, அப்ப இருந்தே. இத அப்பாகிட்டயும் சொல்லணும். அதுக்கும் கை நடுங்கும்... ஆனா சொல்லிருவேன்.”

மழை குடைமேல் கொட்டியது. அந்தப்பக்கம் பிரியந்தியும் மற்றதுகளும் இவர்களையே பார்த்துக்கொண்டு ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பார்த்தால் பார்க்கட்டும்.

“பொறந்தநாள் வாழ்த்து,” என்றாள் ஜெயந்தினி. “நாளைக்கு ஊரே சொல்லட்டும். பதினேழாந்தேதி என்னோடது.”

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் நின்றான்.

“எத்தன வயசு இன்னைக்கு? இருபத்தாறுன்னு மட்டும் சொல்லிராதீங்க, மயங்கி விழுந்துருவேன்.”

“இருபத்தஞ்சுங்க... இருபத்தாறு அடுத்த வருசந்தான்.” கொஞ்சம் தயங்கினான். “அடுத்த வருசமும்... வாழ்த்து சொல்வீங்களா?”

ஜெயந்தினி பிளாஸ்டர் ஒட்டிய அந்த விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

“இருபத்தாறு எங்க வீட்டு நம்பருங்க,” என்றாள். “அத வேற யாருக்காவது விட்டுக் குடுப்பேனா?”